தோல்வி கடைசிப் பத்தியில் வரும்

பேஸ்பால் விளையாட்டு எனக்கு இன்றுவரை முழுதாகப் புரிந்ததில்லை. ஒருவன் எறிகிறான், ஒருவன் அடிக்கிறான், பிறகு எல்லோரும் நீண்ட நேரம் எதையோ யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த விதத்தில் நம் பாஸ்டரேட் கமிட்டிக் கூட்டத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், போதகர் ஐயா. விளக்கம் சொல்ல அழைத்தீர்கள், டீயும் பிஸ்கட்டும் வைத்திருக்கிறீர்கள். ஒருவன் நிதானமாகப் பேசுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

கமிட்டியில் பாதிப் பேருக்கு நான் ஞாயிறு பள்ளியில் வசன மனப்பாடத்துக்குப் பரிசு வாங்கிய எர்னஸ்ட். மீதிப் பேருக்கு வாலிபர் சங்கச் செயலாளர், ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிறவன். வார நாட்களில் நான் திருப்பதியில் இதழியல் படிக்கிறேன் என்பதும், அங்கே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன் என்பதும் யாருக்கும் அவ்வளவாக நினைவிருக்காது. திருப்பதியில் தனியாக இருப்பது வேறு மாதிரியான தனிமை. தெரு முழுக்க ஆட்கள்; அத்தனை பேரும் நாளைக்கு ஊருக்குப் போய்விடுகிறவர்கள். யாரிடமும் பேர் கேட்டு வைத்துப் பயனில்லை.

கல்லூரி அறிவிப்புப் பலகையில் நான் நையாண்டி எழுதி ஒட்டுவேன். முதல்வர் அறைக்கு வெளியே காத்திருப்போர் சங்கத்துக்குத் தேர்தல் என்று ஒருமுறை எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வேட்புமனு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அதைப் போனில் வாசித்துக் காட்டியபோது மூச்சு வாங்கும்வரை சிரித்தவன் ஒருவன்தான். அவன் சாம்ராஜ்.

சாம்ராஜை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, ஆனாலும் விளக்கம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். மேரி ஆன்ட்டியின் ஒரே பிள்ளை. அவன் நைனா பலமனேரிலிருந்து தக்காளி லாரி ஓட்டியவர், அவன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அவனுக்குப் படிப்பு வரவில்லை, கை வந்தது. வாலிபர் சங்கக் கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டிலிருந்து அவன் எறிந்தால், விக்கெட் கீப்பர் பந்தைப் பிடிப்பதா விலகுவதா என்று யோசிப்பான். நாயுடுபேட்டைக்கு அப்பால் ஜப்பான்காரர்கள் நடத்தும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே மேனேஜர்கள் விடுமுறை நாளில் பேஸ்பால் ஆடுவார்கள். ஒருநாள் தன் பக்கம் உருண்டு வந்த பந்தை இவன் திருப்பி எறிந்தான். பிடித்த மேனேஜர் கையுறையைக் கழற்றித் தன் உள்ளங்கையைப் பார்த்தாராம். அடுத்த மழைக்காலத்துக்குள் சாம்ராஜ் ஜப்பானில் இருந்தான்.

அங்கே பெரிய கம்பெனிகள் சொந்தமாக பேஸ்பால் அணி வைத்திருக்கும். காலையில் தொழிற்சாலை, மதியத்துக்கு மேல் பயிற்சி. நம் பேச்சில் சொன்னால் ஆபீஸ் டீம். அந்த வார்த்தையை நான் எந்தச் செய்தியிலும் பயன்படுத்தவில்லை.

செய்தி எழுதுவது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான், தெரியாமல்.

"மச்சி, இங்க காலைல ஹாஸ்டல்ல டிவியப் போட்டா, அமெரிக்காவுல ஆடற இவங்காளுங்க நியூஸுதான். நம்மாளு ஒண்ணு அடிச்சான்னா அத்தயே பத்து தபா காட்டுறாங்க. இன்னா துன்னான், எந்த நாயி வளக்குறான், எல்லாம் நியூஸு."

"டீம் ஜெயிச்சுதா தோத்துதா?"

"அது கடசீல வரும்டா. சின்னதா. சில தபா வரவே வராது."

எங்கள் பேராசிரியர் இரண்டு வருடமாகச் சொல்லாததை அவன் ஒரு போன் காலில் சொல்லிவிட்டான். அணி பத்து ஓட்ட வித்தியாசத்தில் தோற்கட்டும். நம்மவன் ஒன்று அடித்தான், அதுதான் தலைப்பு. தோல்வி கடைசிப் பத்தியில் வரும். கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தன் பிள்ளை வெளிநாட்டில் நன்றாக இருக்கிறான் என்று ஒரு தேசமே காலையில் காபியோடு தெரிந்துகொள்ள விரும்புகிறது. இதில் தவறு என்ன என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

சித்தூரில் உள்ளூர்ச் சேனல் நடத்தும் ரமணா அண்ணனிடம் போனேன். தெலுங்கிலும் தமிழிலும் செய்தி போடுகிறவர். பெரும்பாலும் குழாய் உடைந்தது, காளை மிரண்டது.

"ஜப்பான்லயா? மனவாடா?" என்று கேட்டார்.

மனவாடு, நம்மவன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஒரு செய்திக்கு எதுவும் தேவையில்லை.

முதல் ஆட்டத்தில் சாம்ராஜின் அணி படுதோல்வி அடைந்தது. ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு இவனை இறக்கினார்கள். ஒரே ஒருவனை அவுட் ஆக்கினான். 'ஜப்பானை அதிரவைத்த சித்தூர்க் கை' என்று எழுதினேன். தோல்வியைக் கடைசிப் பத்தியில் முறையாகக் குறிப்பிட்டிருந்தேன். நீளம் அதிகம் என்று அந்தப் பத்தியை வெட்டியது ரமணா அண்ணன். நான் பொய் சொல்லத் தொடங்கவில்லை. இடப் பற்றாக்குறையில் தொடங்கியது.

பிறகு அவன் உண்மையிலேயே நன்றாக ஆடினான். அதையும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரே பிளெக்ஸ் வைத்தார்கள். டீக்கடையில் எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். "நம்ம ஜப்பான்காரன் இன்னா சொல்றான்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். திங்கட்கிழமை திருப்பதி அறைக்குத் திரும்பினால் அப்படிக் கேட்க ஆள் இல்லை. மின்விசிறி மட்டும் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்.

சபையில் நல்லது நடந்ததற்கு ஸ்தோத்திரம் வாசித்தால் அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். கஷ்டத்துக்கு ஜெப விண்ணப்பம் வாசித்தால் உட்கார்ந்தபடியே தலைகுனிவார்கள். வெளியிலிருந்து வருகிறவனுக்குக்கூட யார் வீட்டில் விளக்கு எரிகிறது, யார் வீட்டில் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். சாம்ராஜ் பேரில் நான் ஸ்தோத்திரம் வாசிக்கும்போதெல்லாம் மேரி ஆன்ட்டி எழுந்து நிற்பார்கள். வீட்டுக்காரர் போன பிறகு அவர்கள் வீட்டுக்கு வாசித்ததெல்லாம் விண்ணப்பங்கள்தான். அதனால் எழுந்து நிற்பதற்கு முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டது.

இரண்டாம் வருடம் அவன் போன் செய்தான். குரல் சின்னதாக இருந்தது.

"கை போச்சு மச்சி. கைமுட்டியாண்ட ஏதோ அறுந்துடுச்சாம். ஆபரேசன் பண்றாங்க. அம்மாகிட்ட நானே நேர்ல சொல்லிக்கிறேன், போன்ல சொன்னா பயந்துடும். சபையில மட்டும் பேர் சொல்லாம ஒரு விண்ணப்பம் வாசிச்சிடுடா."

அந்த ஞாயிறு விண்ணப்பத்தோடுதான் எழுந்து நின்றேன். முன் வரிசையில் மேரி ஆன்ட்டி. அறிவிப்பு வரப்போகிறது என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எழுந்திருக்கத் தயாராகக் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள். பேர் சொல்லாத விண்ணப்பம் என்பது நம் சபையில் மதியச் சோற்றுக்கு முன்னால் பேர் வெளியே வந்துவிடுகிற விண்ணப்பம். நான் வாசித்தேன்: "ஜப்பான் தேசத்தில் தம்பி சாம்ராஜுக்குக் கர்த்தர் தந்துவரும் வெற்றிகளுக்காக ஸ்தோத்திரம்." நீங்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் என்றீர்கள். ஆக, அவன் கைக்காக அன்று யாரும் ஜெபிக்கவில்லை. ஜெபித்திருந்தால் நரம்பு ஒட்டியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனை மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். பழைய தொழிற்சாலையில் பழைய வேலை காத்திருக்கிறது என்று சொல்லியும் அனுப்பினார்கள். வருவதை எனக்கு மட்டும்தான் சொன்னான். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துக்கொண்டேன். பையை இடது தோளில் மாட்டியிருந்தான்.

"வா, சித்தூர் பஸ் புடிக்கலாம். அம்மா என்னப் பாத்துட்டு இன்னா பண்ணுதுன்னு பாக்கணும்" என்றான்.

நான் சொன்னது இதுதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் உன் எதிரே உன் பிளெக்ஸ் நிற்கும். ஊர் உன்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறது. இப்படித் திடீரென்று இறங்கினால் ஆன்ட்டி தாங்குவார்களா, சுகர் ஏற்கெனவே ஏறிக்கிடக்கிறது. ஒரு வாரம் என் அறையில் இரு, நான் போய்ப் பக்குவமாகச் சொல்கிறேன். ஒரு வாரம் என்று சொன்னபோது நான் ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை கண் விழித்தபோது அறையில் இன்னொருவன் குறட்டை விடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

அவன் முகம் பலருக்குத் தெரியும் என்பதால் அவனுக்கு மொட்டை போட்டுவிட்டேன். திருப்பதியில் ஒருவன் காணாமல் போவதற்கு அது போதும்.

"டேய், நம்ம கிறிஸ்டினுடா."

"முடிக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்களா?"

அதற்கு அவன் சிரித்தான். கீழ் வீட்டுக்காரர் ஸௌரிராஜன் மாமா, கோயில் கைங்கரியத்தில் இருப்பவர், மாடிப்படியில் எங்களைப் பார்த்து நின்றார். "யாருடாப்பா இது? வேண்டுதலா?" என்றார். "ஆமாம் மாமா, பெரிய வேண்டுதல்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவனே கேட்டான். ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லை, பொங்கல் போகட்டும் என்றேன். தொழிற்சாலை வேலைக்காவது போகிறேன் என்றான். அங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் ரமணா அண்ணன் சேனல் பார்க்கிறவர்கள் என்று நினைவுபடுத்தினேன். அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதோடு ஒரு பிரச்சினை தீர்ந்தது.

அவனை யாரும் பூட்டி வைக்கவில்லை. காய்கறி வாங்க வெளியே போவான், வருவான். நான் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன், அவன் ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தை நான் உண்டாக்கவில்லை. வாடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை அம்மாவுக்கு வீடியோ கால். அணியின் தொப்பியை மாட்டிக்கொள்வான். ஜப்பானில் நமக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் மாலை ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போடுவோம். சுவரில் அவன் கொண்டுவந்த ஜப்பானியத் துணியை ஆணியடித்து மாட்டியிருந்தேன். மார்ச் மாதம் ஒரு கால். பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரு கூட்டம் கோவிந்தா கோவிந்தா என்று போனது.

"இன்னாடா சத்தம் அது?"

"டிவிம்மா. எர்னஸ்ட்டு அனுப்புன வீடியோ."

ஆன்ட்டி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்கள். பிறகு, "அங்க பனி கொட்டுதுன்னு எர்னஸ்ட்டு போட்டிருந்தான். உனக்கு இப்டி வேர்க்குதே. பேனைப் போட்டுக்கோ கண்ணு" என்றார்கள்.

பேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. அதை மறைக்க நான் விரும்பவில்லை. மதியம் வகுப்பு முடித்து வந்தால் அவன் சோறு வடித்திருப்பான். ஜப்பானில் அவன் பெற்ற வெற்றியை எழுதி முதலில் அவனுக்குத்தான் வாசிப்பேன். ஆரம்பத்தில் தரையில் உருண்டு சிரித்தான். "டேய், அந்தக் கடசி ஆளையும் நானே அவுட் ஆக்குனேனா? பாவம்டா, ஒருத்தன உட்டுவை" என்பான். நாளாக ஆக அவன் சிரிப்பது குறைந்தது. என் எழுத்து மோசமாகிவருகிறதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அந்த கோவிந்தா காலுக்குப் பிறகு வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து மேரி ஆன்ட்டி என் கையில் ஒரு டிபன் டப்பாவைக் கொடுத்தார்கள்.

"நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. எடுத்துக்கினு போ. ரெண்டு பேருக்குக் காணும்."

"நான் தனியாத்தானே ஆன்ட்டி இருக்கேன்."

"செரிப்பா. ரெண்டு பேருக்குக் காணும்னு சொன்னேன்."

அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவின் மூடியைத்தான் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழம்பை ஒரு வாய் வைத்தால் யார் கை என்று சாம்ராஜுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே பஸ் ஏறிவிடுவான். அதனால் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். இரண்டு பேருக்கான குழம்பை ஒருவன் தின்பது சிரமம். ஆனால் நன்றாக இருந்தது. டப்பாவைக் குழாயில் கழுவி, அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா துன்னீங்களா?" என்றார்கள்.

"நல்லா துன்னேன் ஆன்ட்டி."

அந்த ஒருமை விகுதியை அவர்கள் கவனித்தார்கள். எனக்குத் தெரியும். பிறகு, "அவன் கைக்காக ஒரு விண்ணப்பம் வாசிச்சிடுப்பா" என்றார்கள்.

"கைக்கு என்ன ஆன்ட்டி?"

"நீ வாசி."

நான் அன்று ஸ்தோத்திரம் வாசித்தேன். மேரி ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்கள். மூட்டு வலி என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

மே மாதம் மேரி ஆன்ட்டிக்குச் சிறுநீரகம் கெட்டு, சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் கூட இருந்தேன், கமிட்டி அதைப் பாராட்டியது. ஒரு மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது என் கையைப் பிடித்தார்கள்.

"வெக்கப்பட்டுக்கினு கீறான்னா, வெக்கப்பட வேணாம்னு சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு தபா வந்துட்டுப் போவச் சொல்லு எர்னஸ்ட்டு."

பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் அவன் வந்திருப்பான். நான் சொன்னேன்: "சீசன் முடியட்டும் ஆன்ட்டி."

என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். அன்று மாலை அறைக்குப் போனேன். சாம்ராஜ் இடது கையால் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அம்மா எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறார்கள், உன்னைக் கேட்டார்கள் என்றேன். அதில் பாதி உண்மை. மறுநாள் காலையில் அவர்கள் இறந்துவிட்டார்கள்.

மகன் வருவானா என்று கேட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஒருநாள் காத்திருந்தீர்கள். விமானம் கிடைக்கவில்லை, அதோடு முக்கியமான ஆட்டம் என்று சொன்னவன் நான். 'தாயை அடக்கம் செய்த நாளிலும் களமிறங்கி வென்ற தனயன்' என்று எழுதினேன். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஐயா, மூன்றாம் நாள் ஜெபத்தில் நீங்கள்கூட அந்தத் தலைப்பை எடுத்துத்தான் பேசினீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நன்றாகப் பேசினீர்கள். அடக்க நாளில் சாம்ராஜ் என் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தான்.

பிறகு அம்மாவுக்கு போன் போகவில்லை என்றான். அந்த போன் ஆஸ்பத்திரியிலிருந்தே என் பையில் அணைந்து கிடந்தது. போன் ரிப்பேர், பலமனேர் பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள், அங்கே சிக்னல் இல்லை என்றேன். அது ஒரு மூன்று வாரம் தாங்கியது. நம் சபை ஹன்னா அக்கா திருப்பதியில் நர்ஸாக இருப்பதை நான் யோசித்திருக்க வேண்டும். மார்க்கெட்டில் அவனைப் பார்த்துவிட்டார்கள். அவர்களே உங்களிடம் சொன்னதுதான்.

"எப்படா வந்த? அம்மா அடக்கத்துக்குக்கூட உன்னால வர முடியலியேன்னு எவ்ளோ அழுதோம் தெரியுமா?"

"எந்த அம்மா?" என்று கேட்டானாம்.

கையிலிருந்த பையை அங்கேயே வைத்துவிட்டு சித்தூர் பஸ் ஏறியிருக்கிறான். ஹன்னா அக்கா போனில் என்னைத் திட்டி முடித்ததும் நானும் கிளம்பினேன். கல்லறைத் தோட்டத்தில் இருந்தான். மண் இன்னும் உயரமாக இருந்தது, சிமென்ட் பூசவில்லை. நான் அவன் பின்னால் நின்று போனை எடுத்து வீடியோ எடுத்தேன். ஏன் என்று கேட்கிறீர்கள். தாய்நாடு திரும்பிய வீரன் தாயின் கல்லறையில் நிற்கிறான். வேறு எவனாவது எடுப்பதற்கு நான் எடுப்பது மேல்.

அவன் என்னை அடிக்கவில்லை. அடிக்கிற கையும் இல்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"அன்னைக்கி நான் எறிஞ்சி ஜெயிச்சேன்னு போட்டியாமே. எத்தினிக்கி எத்தினிடா?"

"அஞ்சுக்கு நாலு" என்றேன். கடைசிவரை விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருந்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. மகன் உயிரோடு பஸ் தூரத்தில் இருந்தான், தாய் உயிரோடு அவனைக் கேட்டார்கள், நடுவில் நான் நின்றேன். ஒப்புக்கொள்கிறேன். பொறாமையா என்று கேட்டீர்கள், இல்லை. பேர் வாங்கவா என்றீர்கள், என் பேர் எந்தச் செய்தியிலும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரு கஷ்டமும் தெரியக் கூடாது என்றுதான் எல்லாம் செய்தேன். இனி அறிவிப்பு வாசிக்க வேண்டாம் என்றால் சரி. சபையிலிருந்து நீக்கினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவனை யார் வீட்டில் தங்க வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அது சரியில்லை, ஐயா. சட்டைப் பொத்தானை அவனால் ஒரு கையால் போட முடியாது, காலையில் நான்தான் போட்டுவிடுவேன். தாய் இல்லை, வேலையும் இல்லை, ஊரில் முகம் காட்டவும் முடியாது. நீங்களே யோசித்துப் பாருங்கள். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.